கீழ்க் கோட்டில் ஒரு கையெழுத்து

"மேல் பொத்தானையும் போடு" என்றாள் அம்மா.

மர்யா நீலக் கம்பளிச் சட்டையின் பொத்தானைத் துளைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். போன குளிர்காலத்தில் அம்மாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்த சட்டை இது. இப்போது தோளில் நிற்கவே மாட்டேன் என்றது.

"எதுக்கும்மா இதெல்லாம்? நைட்டியோட உக்காந்தா வரி வாங்க மாட்டாங்களா?"

"ரெய்னோ வரான், வெர்னா வரா. நான் யார் முன்னாடியும் நைட்டியோட உக்காந்ததில்ல. உங்கப்பா முன்னாடிகூட."

"அப்ப நான் எப்படிப் பொறந்தேன்?"

"அது வேற கதை. பொத்தானைப் போடு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மர்யா முதுகைத் தடவிவிட்டாள். கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. காலையில் வந்துபோன நர்ஸ் வாசலில் நின்று பூட்ஸை மாட்டியபடியே, "இனிமே வாரக் கணக்கு இல்லம்மா, நாள் கணக்குதான்" என்று சொல்லியிருந்தாள்.

மில்வாக்கி நகரத்திலிருந்து ஆறு மணி நேரம் காரோட்டி மர்யா வந்து ஒன்பது நாளாகிவிட்டது. ஐம்பத்தொரு வயதில், வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு பேச வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் வலிக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து அம்மாவைத் தூங்கவைத்தது. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை மட்டும் அம்மா பழைய அம்மாவாக விழித்திருப்பாள். அந்த இரண்டு மணி நேரமும் இன்றைக்கு வரித் தாளுக்குப் போகப் போகிறது. வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்று மர்யாவைக் கேட்டால் சொல்லுவாள்.

"படுத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டா என்னம்மா?"

"படுத்துக்கிட்டுப் போட்டா கையெழுத்தும் படுத்துக்கும். என்னை மேசைக்குக் கொண்டு போ."

அம்மாவின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. வருமான வரிப் படிவத்தை ஒருவர் முடிக்காமல் இறந்துபோனால், பெயருக்குப் பக்கத்தில் 'காலமானவர்' என்று எழுதி வேறு யாராவது கையெழுத்திட வேண்டும். அப்படி எத்தனையோ தாள்களில் அம்மா எழுதியிருக்கிறாள். "அந்த வார்த்தையை என் தாள்ல எழுத விடமாட்டேன். உயிரோட இருக்கும்போதே என் கையால போட்டுட்டுப் போறேன்" என்று ஒன்பது நாளாக அதே பாட்டு.

மர்யாவின் அப்பா ஆர்வோ இறந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. வீட்டுத் தாள்களையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறந்த குளிர்காலத்தில், பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்ட அம்மா, ஐலி, ஒரு பூட்ஸ் பெட்டி நிறையத் தாள்களை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அழுதாள். அப்புறம் யாரோ சொல்லி, லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக்குப் போனாள். வசதியில்லாதவர்களுக்கு வரித் தாளைத் தன்னார்வலர்கள் காசு வாங்காமல் போட்டுக் கொடுக்கும் மேசைகள் அங்கே இருந்தன. அவள் அழுத இரண்டு மாதத்தை ஒரு மனிதர் நாற்பது நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார். அடுத்த குளிர்காலம் அவர்கள் வைக்கிற பரீட்சையை எழுதி, ஒருதரம் தோற்று, மறுதரம் தேறி, ஐலி மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அம்மாவின் சனிக்கிழமைகள் யாருக்கும் கிடையாது. மர்யாவின் கல்யாணத்தையே மே மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னவள். அந்தக் கல்யாணம் முறிந்த அன்றைக்கு மர்யா தொலைபேசியில் கூப்பிட்டபோது, "மூணு மணிக்கு மேல கூப்பிடறியா கண்ணு? பதினாலு பேர் வரிசையில இருக்காங்க" என்றாள். மர்யா மூன்று மணிக்கு மேல் கூப்பிடவில்லை. அம்மா கூப்பிட்டபோது எடுக்கவுமில்லை. அந்தப் பதினாலு பேர் மேல் இருக்கிற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

வெளியே மண்வாரி பனியில் இறங்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டான்" என்றாள் அம்மா. தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள்.

ரெய்னோ ஹார்யு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பாதையை வாரிவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். நாற்பது வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். எழுபத்து நான்கு வயதாகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு காலத்தில் அம்மாவின் பூட்ஸ் பெட்டியை நாற்பது நிமிஷத்தில் காலி செய்தவர் அவர்தான்.

வரி மேசைகளுக்குப் பொறுப்பாளரான வெர்னா, தோளில் அச்சு இயந்திரப் பையோடு சமையலறை வழியாக உள்ளே நுழைந்தார். பூட்ஸைக் கழற்றிக் காலுறையோடு வந்து, ஏலக்காய் ரொட்டியை மேசையில் வைத்தார்.

"காபி போடு மர்யா. வெளியில இருக்கிற ஆளு வர பத்து நிமிஷம் ஆகும். பாதையை இன்னிக்கு அளவெடுத்து வாருவான்."

மர்யா காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ரெய்னோ ஏற்கெனவே வாரிய இடத்தையே மறுபடி வாரிக்கொண்டிருந்தார்.

"அம்மா தன்னோட தாளைத் தானே போட்டுக்கக் கூடாதா? இந்தக் குளிர்ல உங்களை வேற அலைய வச்சு..."

"போட்டுக்கக் கூடாது. எங்க சட்டம் அது. ஒருத்தர் எழுதணும், இன்னொருத்தர் சரிபார்க்கணும். தன் தாளைத் தானே தொடக் கூடாது. ஐலியோட தாளை எப்பவும் ரெய்னோதான் எழுதுவான், நான் பார்ப்பேன். பார்த்துட்டுத் திருப்பி அனுப்புவேன்."

"ஏன்?"

வெர்னா கூடத்துப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஒரு தப்பு இருக்கும். ஒரு வருஷம் வீட்டு நம்பர் மாறியிருக்கும், இன்னொரு வருஷம் பொறந்த தேதி. மத்தவங்க தாள்ல ரெய்னோ ஒரு புள்ளி தப்பா வச்சு நான் பார்த்ததில்ல. ஐலி தாள்ல மட்டும் வருஷா வருஷம் ஒண்ணு. தப்பு இருந்தா என்ன? அடுத்த சனிக்கிழமை அவ மறுபடியும் வந்து அவனுக்கு எதிர்ல உக்காரணும். எல்லாக் கேள்வியையும் அவன் மறுபடி கேக்கணும். அதுவும் சட்டம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நிலவறையில இருக்கிற காபி மெஷினுக்கே தெரியும்."

"அப்ப அவரு கேட்டிருக்கலாமே? நேரா?"

"வருஷா வருஷம் கேட்டானே. ஃபாரம்ல இருக்கிற மாதிரி." வெர்னா ரொட்டியை வெட்ட ஆரம்பித்தார். "நீயே கேளு இன்னிக்கு."

ரெய்னோ உள்ளே வந்தார். மூக்கு சிவந்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்த அம்மாவைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொப்பியைப் பார்த்தார்.

"பாதை கொஞ்சம் வழுக்குது" என்றார்.

"நான் எங்கயும் போகல ரெய்னோ. உக்காரு" என்றாள் அம்மா.

அவர் வெர்னா கொண்டுவந்த கணினியைத் திறந்து வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, பூட்ஸ் பெட்டியிலிருந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு நிலவறையில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"உங்க பேரு?"

"ஐலி லெஹ்தினென்."

"அடையாள அட்டை காட்டறீங்களா?"

மர்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருபது வருஷமாத் தெரியும், இன்னிக்கு அட்டையா? பேசக்கூட மூச்சு இல்லாதவங்ககிட்ட..."

"மர்யா, அட்டையை எடுத்துக் குடு" என்றாள் அம்மா. "தெரிஞ்சவங்கன்னு கேக்காம விட்டா, அவங்களுக்கு என்ன மாறிப்போச்சுன்னு எப்படித் தெரியும்?"

அட்டை கைமாறியது. ரெய்னோ அதிலிருந்த படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே பார்த்தார்.

"போன வருஷம் முழுக்க இதே வீட்டுலதான் இருந்தீங்களா?"

"ஆமா."

"வீட்டுல உங்களோட வேற யாராவது இருந்தாங்களா?"

"யாருமில்ல."

மர்யா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமும் அம்மா இந்தக் கேள்விக்கு இதே பதிலைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்க ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த ஒருவர் மகளாகிய தான் இல்லை.

"உங்களைத் தன்னோட பொறுப்புல இருக்கறவங்கன்னு வேற யாராவது அவங்க வரித் தாள்ல எழுத முடியுமா?"

"போன வருஷத்துக்கு முடியாது." அம்மா தலையைத் திருப்பினாள். "இந்த ஒம்பது நாளா வேணா என் மக எழுதிக்கலாம்."

மர்யா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

ரெய்னோ தட்டச்சு செய்தார். அடுத்த கேள்விக்கு முன் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கேள்வி அவருக்குத் திரையில் படித்துத் தெரிய வேண்டியதாக இல்லை.

"போன டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி, நீங்க கல்யாணம் ஆனவங்களா?"

அடுப்பில் விறகு ஒன்று சரிந்து விழுந்தது. அவர் காத்திருந்தார். அவசரமே இல்லாத மனிதர், சாலையில் முன்னால் போகிறவர் திரும்பட்டும் என்று வண்டியை நிறுத்தி நிற்கிற மாதிரி.

"இல்ல" என்றாள் அம்மா, மெதுவாக. "விதவை."

"சரி" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மீதிக் கேள்விகள் கால் மணி நேரத்தில் முடிந்தன. ஓய்வூதியம், வீட்டு வரி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு அரசாங்கம் தரும் சலுகை. வெர்னா தன் பக்கம் கணினியைத் திருப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். கடைசிவரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தார். பிறகு நிமிர்ந்து ரெய்னோவைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு."

"என்னது?" என்றாள் அம்மா.

"தப்பே இல்ல ஐலி."

அம்மா ரெய்னோவைப் பார்த்தாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"உன்னை இன்னொருதரம் உக்கார வைக்க வேண்டாம்னு பார்த்தேன்" என்றார். "இந்த வருஷம் ஒழுங்காப் போட்டுட்டேன்."

சின்ன அச்சு இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டு தாளைக் கக்கியது. கையெழுத்துத் தாள். ரெய்னோ வழக்கம்போல எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி வைத்து, தாளை அம்மா முன் நகர்த்தினார். அதில் இரண்டு கோடுகள் இருந்தன. மேல் கோடு வரி கட்டுபவருக்கு. கீழ்க் கோடு, கல்யாணம் ஆனவர்கள் சேர்ந்து போட்டால், கணவனோ மனைவியோ போடுவதற்கு. தனியாள் தாளில் அந்தக் கீழ்க் கோடு எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும்.

அம்மா தாளைக் கையில் எடுத்தாள். மூக்குக் கண்ணாடி இல்லாமலே, அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்துகளையெல்லாம் வாய்விட்டுப் படித்தாள். ஒரு சொல் விடவில்லை. மேசையில் வைத்தாள். பேனாவுக்குக் கை நீட்டினாள். அவர் கொடுத்தார்.

குனிந்து நிதானமாக எழுதினாள். ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சு வாங்கிக்கொண்டாள். ஐலி லெஹ்தினென். நிமிர்ந்தபோது உதட்டின்மேல் வியர்வை.

பென்சில் குறிக்கு எதிரே ஒன்றுமில்லை. கையெழுத்து கீழ்க் கோட்டில் இருந்தது.

"அம்மா! இடம் மாத்திப் போட்டுட்டே" என்றாள் மர்யா.

"அய்யய்யோ. அப்படியா? கண்ணு சரியாத் தெரியல" என்றாள் அம்மா. இருபது வருஷம் ஊர் முழுக்க எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியவள் அவள். முகத்தில் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

ரெய்னோ தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி வரை சிவந்துவிட்டது.

"பரவாயில்ல, மெஷின் இங்கதானே இருக்கு? இன்னொண்ணு எடுங்க, இப்பவே போட்டுடட்டும்" என்று மர்யா அவசரப்பட்டாள். மணி இரண்டே முக்கால். அம்மாவின் இமைகள் கனக்கத் தொடங்கியிருந்தன.

வெர்னா அம்மாவைப் பார்த்தார், ரெய்னோவைப் பார்த்தார், ஒரு நிமிஷத்துக்கு முன் பளிச்சென்று அச்சடித்த இயந்திரத்தைப் பார்த்தார்.

"மை தீர்ந்துபோச்சு" என்றார்.

"இப்பத்தானே..."

"தீர்ந்துபோச்சு மர்யா." இயந்திரத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். "அடுத்த சனிக்கிழமை வரோம்."

"சனிக்கிழமை" என்றார் ரெய்னோ. "மத்தியானம் ஒரு மணிக்கு, ஐலி."

"நான் எங்க போகப் போறேன்?" என்றாள் அம்மா. "பாதையை வாரிட்டு வா."

அவர் கெட்டுப்போன அந்தத் தாளை மேசையிலிருந்து எடுத்து, இரண்டாக மடித்து, கம்பளிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். யாருடைய தாளும் ஒரு ராத்திரிகூடத் தன்னார்வலர் வீட்டில் இருக்கக் கூடாது என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர்.

அவர்கள் போனதும் மர்யா அம்மாவைக் கட்டிலில் சாய்த்துப் போர்த்திவிட்டாள்.

"உன் கையால கையெழுத்துப் போடணும்னுதானேம்மா இவ்வளவு பாடு? நர்ஸ் என்ன சொன்னாள்னு உனக்கும் தெரியும். சனிக்கிழமை வரைக்கும்..."

"போட்டேனே" என்றாள் அம்மா, கண்ணை மூடியபடி.

மர்யா சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"உன் தாளை யாரு போடறா?" என்று அம்மா கேட்டாள்.

"நானேதான். கம்ப்யூட்டர்ல."

"தனியாப் போடாத. யாராவது எதிர்ல உக்காந்து கேக்கணும்." அம்மாவின் கை போர்வைக்கு வெளியே வந்து மர்யாவின் மணிக்கட்டைப் பிடித்தது. "அன்னிக்கு நீ மூணு மணிக்கு மேல கூப்பிடுவேன்னு ஆறு மணி வரைக்கும் நிலவறையிலயே உக்காந்திருந்தேன். வீட்டுக்கு வர்ற வழியில நீ கூப்பிட்டா எடுக்க முடியாதேன்னு."

அம்மா தூங்கிப்போனாள். மர்யா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இருட்டும் வரை கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஐலி புதன்கிழமை காலையில் இறந்தாள். மர்யா காபி போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்திருந்தது.

சடங்கு சனிக்கிழமை. அன்றைக்கு வரி மேசைகளை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நிலவறையில் காபியும் ரொட்டியும் வைத்தார்கள். அடக்கம் அன்றைக்கு இல்லை. இரண்டடி ஆழம்வரை பூமி உறைந்து கிடந்தது. மண் இளகும்வரை, மே மாதம் வரைக்கும், கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் அதற்கென்றே கட்டிய அறைக்குள் பெட்டி காத்திருக்கும்.

மர்யா எதிர்பார்க்காத கூட்டம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், உணவு விடுதியில் தட்டு எடுக்கிற பெண், மரம் வெட்டிக் கை விரல் இழந்த ஒருவர். ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்து, "உங்கம்மா எனக்கு ஒருதரம் ஒரு உதவி செஞ்சாங்க" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

"அவங்க யாரு?" என்று ஒரு பெண்ணைக் காட்டி வெர்னாவிடம் கேட்டாள்.

"தெரியாது."

"தெரியாதா? உங்களைப் பார்த்துத் தலையாட்டினாங்களே?"

"தெரிஞ்சாலும் தெரியாது. அதுவும் சட்டம்தான்."

அந்தப் பதினாலு பேரில் எத்தனை பேர் இங்கே நிற்கிறார்களோ என்று மர்யா நினைத்தாள். அவர்கள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

கூட்டம் கலைந்து நாற்காலிகள் காலியானபோது மணி ஒன்று. ரெய்னோ சுவரோரம் போய் ஒரு மேசையை எடுத்து விரித்தார். கறுப்புக் கோட்டு, அழுத்தி வாரிய தலை. எதிரில் ஒரு நாற்காலி போட்டுவிட்டு நின்றார்.

"சனிக்கிழமைன்னு சொன்னேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மர்யா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க பேரு?"

"மர்யா லெஹ்தினென்."

"அடையாள அட்டை?"

கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவு?"

"மக."

எல்லாக் கேள்விகளையும் கேட்டார். ஒன்றையும் தாண்டவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிக் கேள்வி வந்தபோது கண்ணாடியைக் கழற்றினார், கேட்டார், காத்திருந்தார். மர்யா "இல்ல" என்று சொல்ல வாய் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது அது எளிதாக வரவில்லை. அம்மா இருபது வருஷம் இதை எப்படிச் சொன்னாள் என்று ஆச்சரியமாக இருந்தது.

"அம்மா விதவை" என்றாள்.

புதுத் தாள் வந்தது. அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில், அவள் வேண்டாம் என்ற வார்த்தையை ரெய்னோ எழுதினார். நிறுத்தி நிறுத்தி எழுதினார். மேல் கோட்டில் பென்சில் குறி வைத்தார். மர்யா அங்கேயே கையெழுத்திட்டாள். கீழ்க் கோடு வெறுமையாக இருந்தது.

வெர்னா சரிபார்த்துத் தலையாட்டிவிட்டு, மூலையிலிருந்த தாள் கிழிக்கும் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். பதிவு நோட்டை விரித்து வைத்துக்கொண்டார்.

"கெட்டுப்போன தாள் ஒண்ணு இருக்கே ரெய்னோ. குடு, கிழிச்சிடலாம்."

ரெய்னோ கறுப்புக் கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து போட ஆரம்பித்தார். மேல் பொத்தான் வரை போட்டார்.

"அடுப்புல போட்டுட்டேன்" என்றார்.

அவர் கேள்வி கேட்கக் குனிந்தபோதெல்லாம் உள்பையில் இரண்டாக மடித்த தாளின் விளிம்பை மர்யா பார்த்திருந்தாள். வெர்னாவும் பார்த்திருப்பார்.

"பாதை மூடியிருக்கும். வாரிட்டு வரேன்" என்று ரெய்னோ படியேறிப் போனார்.

இயந்திரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. வெர்னா அடுக்கிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து அதன் வாயில் விட்டார். அது கரகரவென்று தின்று முடித்தது. நோட்டில் தேதி போட்டு, 'ஒரு தாள் அழிக்கப்பட்டது' என்று எழுதி, மர்யா பக்கம் திருப்பினார்.

"சாட்சிக் கையெழுத்து வேணும்."

மர்யா பேனாவை வாங்கி, வெர்னா விரல் வைத்த இடத்தில் போட்டாள்.

மேலே மண்வாரி பனியில் இறங்கும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாக, மறு கையை உள்பைமேல் வைத்துக்கொண்டு ஒரு கையால் மட்டும் வாருகிறவரைப் போல.